தன் தெருவை அளந்தவள்

நுழையும்முன்

புவியியலும் சுற்றுச்சூழல் திட்டமிடலும் பயில்வோருக்கு வகுப்பறை பாதி, களம் மறுபாதி. உள்ளகப் பயிற்சிக்காக ஒரு மாதம் நடந்து திரிந்த மாணவி ஒருத்தி, தான் பிறந்து வளர்ந்த இடத்தையே புதிதாகக் கண்டாள். அவள் கண்டதையும் அதைத் தாளில் குறிக்கத் தயங்கியதையும் இக்கட்டுரை கூறுகிறது.

நாற்பது புள்ளிகள்

மே மாதத்து முற்பகல் வெயில் தார்ச்சாலையில் கானல் எழுப்பிக்கொண்டிருந்தது. சென்னையின் தென்விளிம்பில், ஏரியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஒரு புறநகரின் கடைசிப் பேருந்து நிறுத்தத்தில் அம்மாணவி இறங்கினாள். தோளில் ஒரு பை. கையில் தாள்களைச் செருகிய எழுதுபலகை. செயற்கைக்கோள் படத்திலிருந்து கணினி வகைப்படுத்தித் தந்த நிலப்பயன்பாட்டு வரைபடம் அப்பலகையில் இருந்தது. அதில் நாற்பது இடங்கள் எண்ணிட்டுக் குறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் இடத்திற்கும் நேரில் சென்று, கணினி ‘வீடு’ என்றது வீடுதானா, ‘தரிசு’ என்றது தரிசுதானா என்று பார்த்து எழுத வேண்டும். இதனைக் களச் சரிபார்ப்பு என்பர்.

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் புவியியல் இளம் அறிவியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டுத் தேர்வை அவள் அப்போதுதான் எழுதி முடித்திருந்தாள். கோடை விடுமுறையில் ஒரு மாதம் உள்ளகப் பயிற்சி பெற வேண்டும் என்பது அவளது பாடத்திட்டத்தின் விதி. நகரத் திட்டமிடல் பணிகளை மேற்கொள்ளும் சிறு நிறுவனம் ஒன்று அவளையும் வேறு மூவரையும் ஏற்றுக்கொண்டது. உதவித்தொகை கிடையாது, பேருந்துக் கட்டணம் மட்டும் உண்டு. அக்கட்டணத்தையும் மிச்சப்படுத்த எண்ணிய நிறுவனம், அவரவர் வீட்டிற்கு அருகிலுள்ள பகுதியையே அவரவருக்கு ஒதுக்கியது. நாற்பது புள்ளிகளுள் முப்பத்தொன்றாம் புள்ளி அவளது தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதனை அவள் முதலில் ஒரு வசதியாகவே எண்ணினாள்.

உள்ளகப் பயிற்சி என்னும் சொல் இன்று கல்லூரி வளாகங்களில் மிகுதியாக அடிபடுகிறது. சான்றிதழுக்காக மட்டுமே செய்யப்படும் பயிற்சிகளும் உண்டு. கோப்புகளுக்கு ஒளிப்படி எடுப்பதிலும், பிறர் கணினியில் செய்வதை அருகிலிருந்து வேடிக்கை பார்ப்பதிலும் முப்பது நாள் கழிந்துவிடும். முப்பத்தோராம் நாள் முத்திரையிட்ட தாள் கைக்கு வந்துவிடும். அதனால் எவருக்கும் பெருந்தீங்கு இல்லை. ஆனால், நிலத்தைப் பற்றிய படிப்பில் பயிலுநர் செய்யும் பிழை தாளோடு நின்றுவிடுவதில்லை. அவர் தீட்டும் நிறம் வரைபடத்தில் ஏறுகிறது. வரைபடம் திட்டத்தில் ஏறுகிறது. திட்டம் நிலத்தில் இறங்குகிறது.

விடுமுறையில் ஊர் அளந்தவர்கள்

மாணவரைக் களத்திற்கு அனுப்பும் வழக்கம் தமிழகத்திற்குப் புதியதன்று. 1794ஆம் ஆண்டு சென்னையில் எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்று கிண்டியில் புகழுடன் விளங்கும் பொறியியல் கல்லூரிக்கு அதுவே தொடக்கம். 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். இமயத்தின் உயரம் வரை சென்று முடிந்த மாபெரும் முக்கோண அளவைக்கு அந்தக் கோடு அடித்தளமாயிற்று.

இவற்றைக் காட்டிலும் இம்மாணவியின் கதைக்கு நெருக்கமானது வேறொரு முயற்சி. 1915ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகக் கில்பர்ட் சிலேட்டர் பொறுப்பேற்றார். இந்தியச் சிற்றூர்களைப் பற்றிய நூல்களைத் தேடுவதைவிட, அவ்வூர்களிலிருந்தே வந்து தம்முன் அமர்ந்திருக்கும் மாணவர்களைக் கேட்பது நன்று என அவர் எண்ணினார். விரிவான வினாப்பட்டியல் ஒன்றை ஆயத்தம் செய்து மாணவர்கள் கையில் கொடுத்தார். விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்றவர்கள், எத்தனை வீடுகள், எத்தனை ஏர்கள், நிலம் யாரிடம் உள்ளது, கடன் யாரிடம் வாங்கப்படுகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது எனக் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பினர். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் இவ்வாறு ஆராயப்பட்டன. அக்கட்டுரைகள் 1918இல் நூலாக வெளிவந்தன. அவ்வூர்கள் 1930களில் மீண்டும் ஆராயப்பட்டன. பின்வந்த தலைமுறைகளின் ஆய்வாளர்களும் அவற்றைத் தேடிச் சென்றனர். ஒரு நூற்றாண்டில் ஓர் ஊர் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய, விடுமுறைக்கு வீடு சென்ற மாணவர்களின் குறிப்பேடுகள் முதற்சான்றாயின.

சொந்த ஊரை ஆராய்வதில் ஓர் எளிமையும் ஓர் இடரும் உண்டு. வழி கேட்க வேண்டியதில்லை. திண்ணையில் உட்காரச் சொல்வார்கள். அதேபோது, நாள்தோறும் பார்த்த ஒன்றைப் பார்க்காமலேயே கடந்துவிடக் கூடும். தனக்கும் தன் உறவினர்க்கும் ஒவ்வாத செய்தி கிடைக்குமானால் எழுதுகோல் தானே நின்றுவிடவும் கூடும்.

கலங்கல் ஓடை

பதினேழாம் புள்ளியில் கணினி ‘தரிசு’ என்று குறித்திருந்தது. மாணவி அங்கே சென்று நின்றபோது அவ்விடம் தரிசாகவே காட்சியளித்தது. இரண்டு மனைப்பிரிவுகளுக்கு இடையில் நீண்டு கிடந்த ஒரு வெற்றுத் துண்டு, சீமைக்கருவேலம் புதர்கள், கட்டட இடிபாடுகள், மேய்ந்துகொண்டிருந்த இரண்டு ஆடுகள். அவள் ‘சரி’ என்று எழுதப்போன வேளையில், எதிரே புங்கமரத்து நிழலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் குரல் கொடுத்தார்.

“என்னம்மா எழுதுற?”

“எந்த இடம் எப்படி இருக்குன்னு எழுதுறேன் தாத்தா. இது தரிசுதானே?”

“தரிசா? யாரு சொன்னது? இது கலங்கல் ஓடைம்மா. ஏரி ரொம்பினா தண்ணி இப்படித்தான் வரும்.”

இளமையில் அவர் அவ்வேரியின் நீர்க்கட்டியாக இருந்தவர். எந்த மதகை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் விடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பாக இருந்த காலம் ஒன்று உண்டு. வயல்கள் மனைகளானபின் அவருக்கு வேலை இல்லை. ஆனால் நீரின் வழி அவர் நினைவிலிருந்து மறையவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் முன்னே நடக்க, மாணவி குறிப்பேட்டுடன் பின்தொடர்ந்தாள். ஏரிக்கரையின் தென்கோடியில் கருங்கல்லால் கட்டிய கலங்கலைக் காட்டினார். ஏரி தன் கொள்ளளவை எட்டியதும் மிகுதி நீர் கரையை உடைக்காமல் வழிந்து செல்வதற்காக முன்னோர் அமைத்த வாயில் அது. அங்கிருந்து புறப்படும் ஓடை அடுத்த ஏரிக்குச் செல்லும். அவ்வேரி நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்த ஏரிகளின் நீரெல்லாம் இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடையும். அங்கே தங்கித் தணிந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும்.

பள்ளிக்கரணை அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஏறத்தாழ 5,500 ஹெக்டேர் பரந்திருந்ததாக மதிப்பிடப்படுகிறது. அதன் பெரும்பகுதி இன்று சாலையாகவும் குடியிருப்பாகவும் அலுவலகங்களாகவும் குப்பைமேடாகவும் மாறிவிட்டது. ‘கழுவெளி’ என்று மக்கள் பெயரிட்டு அறிந்திருந்த இத்தகைய நிலங்கள், வரி தராதவை என்பதால் நெடுங்காலம் பயனற்றவையாகவே கருதப்பட்டு வந்தன. எஞ்சிய சதுப்புநிலம் 2022ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

செயற்கைக்கோள் பொய் சொல்லவில்லை. அது மே மாதத்தில் பார்த்ததைச் சொன்னது. நிறுவனம் பயன்படுத்திய படத்தில் பிக்சல் எனப்படும் ஒவ்வொரு படப்புள்ளியும் நிலத்தில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் பரப்பைக் குறித்தது. ஆறு மீட்டர் அகலமுள்ள ஓடை ஒரு படப்புள்ளியைக்கூட முழுமையாக நிரப்பாது. அதன்மேல் புதரும் இடிபாடும் மூடிக் கிடந்தால் கணினிக்கு அது வெறும் பழுப்பு நிறமே.

ஆறு மீட்டர் என்னும் அளவை மாணவி மறுநாள் கிராம நிர்வாக அலுவலகத்தில் அறிந்தாள். நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டி ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்வையிட்டாள். முதியவர் காட்டிய துண்டு, பதிவேட்டில் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. பதிவேடும் முதியவரும் ஒன்றையே சொன்னார்கள். பதினேழாம் புள்ளிக்கு எதிரே அவள் ‘தவறு: நீர்வழி’ என்று எழுதினாள். பயிற்சி தொடங்கிய பின்னர் அவளுக்கு முதன்முதலாகப் பெருமிதம் தோன்றிய தருணம் அதுவே.

எண்ணப்பட்ட கூரைகள்

களப்பயிற்சியைப் போன்றே, புவியியல் மாணவர்க்கென ஆண்டு முழுவதும் நிகழ்வுகள் பல நடைபெறுகின்றன. பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். 1971இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறும். சென்ற ஆண்டு பள்ளிக்கரணையில் விடியற்காலையில் நின்று பூநாரைகளை எண்ணியவர்களுள் அவளும் ஒருத்தி. நவம்பரில் புவித்தகவல் முறைமை நாள். 1999 முதல் கொண்டாடப்பட்டுவரும் அந்நாளில் கல்லூரிகளில் கருத்தரங்குகளும் வரைபடப் போட்டிகளும் நிகழும்.

அவளது கல்லூரியில் அந்நாளன்று ‘கூட்டு வரைபடப் பணி’ நடந்தது. 2010 ஜனவரியில் ஹைதி நாட்டைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியபோது, மீட்புப் பணியாளர்க்கு அந்நகரத் தெருக்களைக் காட்டும் விரிவான வரைபடம் கிடைக்கவில்லை. உலகின் பல மூலைகளிலிருந்த தன்னார்வலர்கள் தத்தம் கணினி முன் அமர்ந்து, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருக்களையும் கட்டடங்களையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில் சில நாள்களிலேயே வரைந்து கொடுத்தனர். அதன்பின் இத்தகைய பணி மாணவரிடையே பரவியது. கல்லூரிக் கணினிக்கூடத்தில் அன்று ஒவ்வொருவரும் பெயர் அறியாத நாடு ஒன்றின் கூரைகளைச் சதுரம் சதுரமாக வரைந்தார்கள். யார் மிகுதியாக வரைந்தார் என்பதே பேச்சாக இருந்தது. இருநூற்றுப் பத்துக் கூரைகள் வரைந்த மாணவனுக்குக் கைதட்டல் கிடைத்தது. அவள் நூற்று நாற்பது வரைந்தாள். பணி நல்ல பணியே, ஐயமில்லை. ஆயினும், வரைந்த சதுரங்களுள் ஒன்றிலேனும் யாரோ ஒருவர் சமைத்துக்கொண்டிருக்கக்கூடும் என்னும் நினைப்பு அன்று அக்கூடத்தில் எவர்க்கும் எழவில்லை.

வளைந்த தெரு

பயிற்சியின் மூன்றாம் வாரத்தில் களக்குறிப்புகளைக் கணினியில் ஏற்றும் பணி தொடங்கியது. பழைய இடவியல் வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மீது கண்ணாடித்தாள் போல விரித்து, நீர்வழிகளை நீலக் கோட்டால் வரையவேண்டும். மாணவி கலங்கலிலிருந்து தொடங்கினாள். பதினேழாம் புள்ளியைக் கடந்து கோடு வடகிழக்கே சென்றது. முதன்மைச் சாலையைத் தாண்டியது. அதன்பின் ஓடை மெல்ல இடப்புறம் வளைந்தது. சுட்டியை நகர்த்திக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

அந்த வளைவை அவள் அறிவாள். அவர்களது மனைப்பிரிவில் எல்லாத் தெருக்களும் அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல நேராக இருக்கும். அவளது தெரு மட்டும் வளைந்திருக்கும். சிறுமியாய் இருந்தபோது மிதிவண்டியில் அந்த வளைவில் சாய்ந்து திரும்புவது அவளுக்கு ஒரு விளையாட்டு. ஏன் இத்தெரு மட்டும் வளைந்திருக்கிறது என்று அவள் அப்பாவிடம் கேட்டதுண்டு. “அப்படித்தான் போட்டிருக்காங்க” என்பார் அவர். இப்போது விடை திரையில் இருந்தது. தெரு, ஓடையின்மேல் கிடந்தது. ஓடையைத் தூர்த்து அதன் தடத்திலேயே சாலை போட்டிருந்தார்கள். இருபுறமும் இருந்த வயல்கள் மனைகளாகியிருந்தன. நீலக் கோட்டின் அகலத்தை ஆறு மீட்டராக வைத்துப் பார்த்தபோது, எட்டு வீடுகளின் முன்பகுதி அதற்குள் வந்தது. அவற்றுள் ஐந்தாவது கூரையின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அது அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையைச் சென்னையில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அப்போது அவள் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். இரவு பதினொரு மணியளவில் வாசற்படியில் ஏறிய நீர், விடிவதற்குள் கட்டிலைத் தூக்கியது. மாடியில்லாத வீடு அது. எதிர்வீட்டு மாடியில் மூன்று நாள் தங்கினார்கள். அவளது பாடநூல்களும் அம்மாவின் தையல் இயந்திரமும் சேற்றில் கிடந்தன. அது யாரும் எதிர்பாராத மழை என்றே அவள் அதுவரை எண்ணியிருந்தாள். மழை எதிர்பாராததாக இருக்கலாம். நீர் வந்த வழியோ பதிவேட்டில் எழுதியிருந்தது.

நீலக் கோட்டை அவள் சாலைக்கு இப்பாலேயே நிறுத்திவிட்டுக் கோப்பை மூடினாள்.

இரண்டு நாள் அக்கோப்பை அவள் திறக்கவில்லை. வேறு புள்ளிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவளது அச்சம் காரணமற்றதன்று. அப்பா பன்னிரண்டு ஆண்டுச் சேமிப்பைப் போட்டு, முறையாகப் பத்திரம் பதிந்து வாங்கிய மனை. வீட்டுக்கடன் இன்னும் முடியவில்லை. ‘நீர்வழி’ என்று ஒரு வரைபடம் சொன்னால், நாளை யாரோ ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கதவைத் தட்டக்கூடும். தட்டப்படும் எட்டுக் கதவுகளுள் ஒன்று தன்னுடையது. அக்கோட்டை வரைந்தவளும் தானே என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

எம்டன் மூழ்கடித்த வரைபடங்கள்

நிறுவனத்தில் பயிலுநர்க்கு வழிகாட்டியாக இருந்த பெண்மணி மூன்றாம் நாள் அவளருகே வந்து அமர்ந்தார்.

“கோடு ஏன் ரோட்டோட நின்னுடுச்சு?”

மாணவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அதுக்கப்புறம் எங்க வீடு மேடம்” என்றாள்.

வழிகாட்டி உடனே அறிவுரை கூறவில்லை. திரையை நெடுநேரம் பார்த்தார். “கோடு போடலன்னா தண்ணி வராதுன்னு இருந்தா, நானே போட வேண்டாம்னு சொல்லிடுவேன்” என்றார். பின்னர் அவர் பேட்ரிக் கெடிஸ் என்பவரைப் பற்றிக் கூறினார்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கெடிஸ் அடிப்படையில் உயிரியல் அறிஞர். நகரத்தையும் ஓர் உயிராகவே கண்டவர். சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் 1914இல் இந்தியாவுக்கு வந்தார். நகரமைப்பைப் பற்றி அவர் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த வரைபடங்களும் ஓவியங்களும் அடங்கிய கண்காட்சி, ‘கிளான் கிராண்ட்’ என்னும் வேறொரு கப்பலில் வந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய அதே எம்டன் என்னும் செர்மானியப் போர்க்கப்பல் அடுத்த மாதம் அக்கப்பலை மூழ்கடித்தது. (சூழ்ச்சியில் வல்லவரை ‘எம்டன்’ என்று தமிழர் இன்றும் குறிப்பிடுவது இக்கப்பலைக் கொண்டே.) வாழ்நாள் தொகுப்பு கடலடிக்குப் போயிற்று. நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது.

கண்காட்சி முடிந்ததும் கெடிஸ் மாகாணத்து ஊர்களுக்குச் சென்றார். அதிகாலையில் எழுந்து தெருத்தெருவாக நடப்பது அவர் வழக்கம். அக்காலத்தில் நெரிசலான குடியிருப்புகளைச் சீர்திருத்துவதென்றால், அவற்றின் ஊடே அகன்ற நேர்ச்சாலையைக் கிழித்து வீடுகளை இடிப்பதே முறையாக இருந்தது. கெடிஸ் அதை ஏற்கவில்லை. இடிக்கப்பட்ட வீட்டார் வேறெங்கோ சென்று மேலும் நெருக்கியடித்து வாழ்வார்களேயன்றி நோய் தீராது என்றார். முதலில் நோயை அறிதல், பிறகே மருந்து என்பது அவர் கொள்கை. தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களுக்கு அவர் அளித்த அறிக்கைகளில், பாழடைந்த ஓரிரு கட்டடங்களை மட்டும் நீக்கிச் சிறு திறந்தவெளி அமைத்தல், இருக்கும் சந்தையே சற்று விரித்தல், மரம் நடுதல் போன்ற சிறிய திருத்தங்களையே கூறினார். உறுப்பைக் காத்துச் செய்யும் அறுவை மருத்துவம் என்று அதற்குப் பெயரிட்டார்.

“நீ இன்னும் முழுசா அளக்கவே இல்லையே” என்றார் வழிகாட்டி. “தண்ணி எங்க நிக்குதுன்னு பார்த்துட்டே. ஏன் நிக்குதுன்னு பார்த்தியா?”

இரண்டு குழாய்கள்

மறுநாள் காலை அவள் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு முதன்மைச் சாலைக்குச் சென்றாள். ஓடை சாலையைக் கடக்கும் இடத்தில், குப்பைக்கும் ஆகாயத்தாமரைக்கும் இடையே இறங்கிப் பார்த்தாள். சாலைக்கு அடியில் இரண்டு சிமென்ட் குழாய்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் 90 சென்டிமீட்டர் விட்டம். கரையில் அமர்ந்து கணக்கிட்டாள். இரண்டு குழாய்களின் வாய்ப்பரப்பும் சேர்ந்து ஏறத்தாழ 1.27 சதுர மீட்டர். ஆறு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள பழைய ஓடையின் குறுக்குப்பரப்பு 6 சதுர மீட்டர். ஓடை சுமந்துவந்த நீரில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சிய அளவுக்குத்தான் குழாய்களில் இடம் இருந்தது. அவற்றுள் ஒன்றின் வாயிலோ பாதிக்குமேல் மண் மூடியிருந்தது.

ஆனால் இக்குழாய்கள் அவள் தெருவுக்கு மேல்புறம் அல்லவா இருக்கின்றன? அவை அடைபட்டால் தன் தெரு நனையாமல் இருக்க வேண்டுமே என்று அவள் ஐயுற்றாள். நீர்மட்டம் பார்க்கும் கருவியை நிறுவனத்தில் இரவல் பெற்று, தோழி ஒருத்தியை அளவுகோல் பிடிக்கச் சொல்லி, இரண்டு நாள் மட்டம் எடுத்தாள். அப்போது முழுமையும் விளங்கியது. குழாய்களில் நுழைய இயலாத நீர் பின்னோக்கி ஏறிச் சாலையைத் தாண்டி, தெருவுக்குள் ஒரே வீச்சில் இறங்குகிறது. தெருவின் கீழ்க்கோடியிலோ ஓடையின் தொடர்ச்சியைக் குறுக்கே மறித்து ஒரு மதிற்சுவர். அடுத்த ஏரிக்குப் போகவேண்டிய நீர் அங்கே முட்டித் திரும்பி வீடுகளில் ஏறுகிறது. அம்மதிலுக்கு அப்பால் எவர் வீடும் இல்லை. நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு காலிமனைதான் இருந்தது.

அன்று மாலை அவள் நீலக் கோட்டை முழுமையாக வரைந்தாள். சாலைக்கு அப்பால் அதனைப் புள்ளிக்கோடாக மாற்றி, ‘மூடப்பட்ட நீர்வழி; எட்டு வீடுகளைத் தொடுகிறது’ என்று எழுதினாள். குறிப்புப் பத்தியில் குழாய்களின் விட்டம், வாய்ப்பரப்பு, மதிலின் நீளம், மட்ட அளவுகள் ஆகியவற்றைச் சேர்த்தாள். குழாய்களை நீக்கிச் சிறுபாலம் அமைத்தல், மதிலில் ஆறு மீட்டர் திறப்பு விடுதல், தெருவின் அடியில் மூடிய பெருவடிகால் அமைத்தல் ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே ஆராய வேண்டும் என்றும், வீடுகளைத் தொடுவது பற்றி அதன் பின்னரே பேச வேண்டும் என்றும் பரிந்துரைத்தாள். எட்டு வீடுகளுள் ஒன்று அறிக்கையைத் தயாரித்தவருடையது என்பதையும் கடைசி வரியில் சேர்த்தாள். அவ்வரி தேவையில்லை என்று உடன் பயின்றவர்கள் கூறினர். வழிகாட்டி அதை நீக்கவில்லை.

அவ்வறிக்கை பரிந்துரையாக மட்டுமே செல்லும். அதை ஏற்பதும் தள்ளுவதும் வேறு பல மேசைகளைக் கடந்து நடக்க வேண்டியவை. பயிற்சியில் இன்னும் இரண்டு நாள் எஞ்சியிருந்தது. 2015இல் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்னும் அளவுக்கு மட்டும் அவளது பட்டியலில் இடம் வெறுமையாக இருந்தது. அதைச் செயற்கைக்கோள் சொல்லாது, பதிவேடும் சொல்லாது.

வீட்டில் அப்பா வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஓடையைப் பற்றியும் கோட்டைப் பற்றியும் அவள் முதலில் சொன்னாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடியே கேட்டார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். “அந்தப் பெரியவர் மனை வாங்கும்போதே என்கிட்ட சொன்னாரு” என்றார் அவர். “விலை கம்மியா இருந்துச்சு. நான்தான் கேக்கல.”

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

“அன்னிக்குத் தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுப்பா?”

அவர் எழுந்து கூடத்துச் சுவரருகே சென்றார். வெள்ளம் வடிந்தபின் சுவருக்கு இருமுறை சுண்ணாம்பு பூசியாயிற்று. ஆனால், தொங்கிக்கொண்டிருந்த நாள்காட்டியை அவர் விலக்கியபோது, அதன் பின்னே பூசாமல் விட்ட ஒரு கையகலச் சதுரம் இருந்தது. அதில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. மறக்கக் கூடாது என்று அவரே விட்டுவைத்தது. அவள் மண்டியிட்டு நாடாவின் நுனியைத் தரையில் வைக்க, மறுநுனியைக் கோட்டின்மேல் பிடித்து அவர் படித்துச் சொன்னார்.

“நூத்திப் பன்னெண்டு.”

112 செ.மீ. என்று அவள் எழுதிக்கொண்டாள். பிறகு இருவரும் நாடாவைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்கள்.